கதவுப் பிடியில் இரண்டு கறுப்பு உருண்டைகள்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய். அப்பா கூப்பிட்டால் மட்டும் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். சித்தியிடம் கேட்டால், "சாப்பிடறா, தூங்கறா, ஆபீஸ் போறா. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க, நான் என்ன ஒற்றனா?" என்கிறாள். அதனால்தான் கடிதம். போனைத் துண்டித்துவிடலாம். கடிதத்தைக் கிழிக்கத்தான் வேண்டும். கிழிப்பதற்கு முன்னால் யாராக இருந்தாலும் ஒரு வரியாவது படித்துவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

நீ சித்தி ஊருக்குப் போன அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் உன் அறைக் கதவுப் பிடியில் இரண்டு கறுப்பு உருண்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நீ உள்ளேதான் இருக்கிறாய் என்று நினைத்து, சத்தம் போடாமல் கூடத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். அம்மா வேலை முடிந்து வந்து, "அவ காலையிலேயே கிளம்பிட்டாடி" என்றாள். காலி அறைக்கு நான் அவ்வளவு நேரம் காவல் இருந்திருக்கிறேன்.

முதல் தடவை நீ கப்பல் அதிகாரி வாய்மொழித் தேர்வில் தோற்று வந்தபோதுதான் இந்த வழக்கம் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவின் டிரைவர் உடுப்புக் கறுப்புக் காலுறைகளில் இரண்டு ஜோடியைச் சுருட்டி, கயிற்றில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டாய். அம்மா துணி காயப்போட்டிருக்கிறாய் என்று எடுக்கப் போனாள். நான்தான் தடுத்து விளக்கம் சொன்னேன். கட்டுப்பாடு இழந்த கப்பல் பகலில் இப்படி இரண்டு கறுப்பு உருண்டைகளை ஏற்றிக் காட்டவேண்டும், "என்னால் விலக முடியாது, நீங்கள் விலகிப் போங்கள்" என்று அர்த்தம் என்றேன். அப்பா, "அப்ப சாப்பாட்டை வாசல்லயே வெச்சுடு" என்றார்.

இந்த மூன்றாம் தடவையும் நாங்கள் விலகித்தான் போகிறோம். அப்பா பழுப்புக் காலுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். டிப்போவில் திட்டு வாங்குகிறாராம். ஆனாலும் உருண்டைகளை அவிழ்க்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போவதற்கு முந்தின நாள் நீ என்னிடம், "புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கேள்வி கேக்கறவளுக்கு என்னடி தெரியும்?" என்றாய். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே, பிறகு எப்படித் தெரியும்? என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று அப்படியே எழுதி அனுப்பு. வீட்டில் நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நீ சரியாகப் பதில் சொன்னாய். நான்தான் சாட்சி.

இப்படிக்கு,
நீ வைத்த பெயரால் வாத்தி

பி.கு. பதில் எழுத உறையும் தபால்தலையும் உள்ளே வைத்திருக்கிறேன். சாக்கு சொல்ல முடியாது.

---

ஜூன் 20

வாத்திக்கு,

கிழிக்கவில்லை. முழுவதும் படித்தேன். நீ காலி அறைக்குக் காவல் இருந்ததைப் படித்தபோது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. துறைமுக அலுவலகத்தில் மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை. சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்த மேடைக்கு வருகிறது என்று அதில் எழுதவேண்டும். போனதும் அழிக்கவேண்டும். நான் எழுதிய பெயர் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நிஜக் கப்பலாக வந்து நிற்கும். மேல்தளத்தில் என் வயதுக்காரர்கள் வெள்ளைச் சட்டையோடு நடப்பார்கள். நான் டஸ்டரோடு நிற்பேன். இதுவும் கப்பல் வேலைதான் என்கிறாள் சித்தி.

எங்கள் மேடம் நல்லவர். "நீ நிரந்தரமா இங்கேயே இருந்துடேன், கையெழுத்து நல்லா இருக்கு" என்கிறார். செப்டம்பர் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். செப்டம்பரில்தான் அடுத்த வாய்மொழித் தேர்வும். அதிலும் தோற்றால் நான் தேறி வைத்திருக்கிற எழுத்துத் தேர்வுகளும் செல்லாமல் போய்விடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லையடி. போய்த்தான் ஆகவேண்டுமா என்றுகூட யோசிக்கிறேன். தோற்றுப்போய் விடுவதைவிட, நானாகவே விட்டேன் என்றால் கொஞ்சம் மானமாக இருக்காதா?

அந்த அறையில் நடந்ததை எழுதமாட்டேன். இன்னொரு தடவை அங்கே போய் உட்காருவது மாதிரி அது. கேட்காதே.

அப்பாவிடம் காலுறையை அவிழ்த்துக் கொடுத்துவிடு.

அக்கா

---

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறையை அவிழ்க்க அப்பா சம்மதிக்கவில்லை. "கட்டினவதான் அவுக்கணும். சிக்னல்னா சிக்னல்" என்றார்.

நான் தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நம் கப்பல்களை அடுக்கிப் பார்க்கிறேன். உப்பு ஜாடி உன் கப்பல். மிளகு ஜாடி எதிரே வருகிற கப்பல். தீப்பெட்டி மீன்பிடிக் கப்பல். ஸ்பூன் தாங்கி கலங்கரை விளக்கம். நேற்று அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "எதிர்ல வர்றவன் ஒதுங்கலைன்னா நாம ஒதுங்கணும். நான் தினம் பஸ்ல பண்றதுதானே, இதுக்கு எத்தனை பரீட்சைடி?" என்றார். அம்மா, "உங்களுக்குப் பிரேக் இருக்கு. கப்பலுக்கு ஏது பிரேக்?" என்றாள். அவள் சமையலறையிலிருந்தே உன் பாடம் முழுவதையும் கேட்டுப் படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அவளை அனுப்பினால் தேறிவிடுவாள்.

நீ "கேட்காதே" என்று எழுதியிருந்தாய். மன்னித்துக்கொள், கேட்கிறேன். படிக்காமல் போய்த் தோற்றால் அதில் புரியாதது ஒன்றும் இல்லை. படித்துவிட்டுப் போய்த் தோற்றால் நடுவில் ஏதோ ஒன்று இருக்கவேண்டும். எங்கள் அறிவியல் ஆசிரியை, சோதனை தவறிப்போனால் முடிவை மட்டும் பார்க்காதீர்கள், செய்த வரிசையைப் பாருங்கள் என்பார். எனக்கு அந்த வரிசை வேண்டும்.

நீ விட்டுவிடுவதாக இருந்தால் விடு. நான் அழமாட்டேன். (அழுவேன், ஆனால் உனக்குத் தெரியாமல்.) ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொண்டாவது விடு, அக்கா.

வாத்தி

---

ஜூலை 10

வாத்திக்கு,

நீ விடமாட்டாய். சரி, எழுதிவிடுகிறேன். இதற்குப் பிறகு இந்தப் பேச்சு வேண்டாம்.

சின்ன அறை. பச்சைத் துணி விரித்த மேசை. அதன்மேல் விரல் நீளத்தில் கப்பல் பொம்மைகள். எதிரே தேர்வாளர், முன்பு கேப்டனாக இருந்தவர். மூன்று தடவையும் எனக்கு அவரேதான் வாய்த்தார். சிரிக்கமாட்டார், முறைக்கவும் மாட்டார். நான் அவருக்குச் சுவர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

போன தடவை நடந்தது இது. ஒரு பொம்மையை நகர்த்தினார்.

"ராத்திரி. முன்னாடி மேல சிவப்பு விளக்கு, கீழ வெள்ளை. என்னது?"

"மீன்பிடிக் கப்பல், சார்."

"நிச்சயமா?"

"இல்ல சார்... பைலட் படகு."

துறைமுகத்துக்குள் வழிகாட்டுகிற பைலட் படகுக்கு மேலே வெள்ளை, கீழே சிவப்பு. என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"பனிமூட்டம். ஒண்ணும் தெரியலை. முன்பக்கம் எங்கேயோ ஒரு ஊதல் கேக்குது. என்ன பண்ணுவீங்க?"

"வேகத்தை முடிஞ்ச அளவு குறைப்பேன் சார். தேவைப்பட்டா நிறுத்திடுவேன்."

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"வலப்பக்கம் திருப்பிடுவேன் சார்."

எங்கே இருக்கிறது என்றே தெரியாத கப்பலுக்கு எந்தப் பக்கம் திருப்புவது? சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் நாக்கு நனைந்த காகிதமாகிவிட்டது.

கடைசியாக, என்மேல் பரிதாபப்பட்டோ என்னவோ, பாலர் வகுப்புக் கேள்வி ஒன்று கேட்டார்.

"வலப்பக்கத்துலேர்ந்து ஒரு கப்பல் குறுக்கே வருது. யாரு ஒதுங்கணும்?"

"நான், சார்."

"நிச்சயமா?"

"அவங்க, சார்."

பொம்மையை எடுத்துப் பெட்டியில் வைத்தார். அவ்வளவுதான். முதல் இரண்டு தடவையும் கேள்விகள் வேறு, கதை இதே.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பயிற்சிக் காலத்தில் கப்பலில் இருந்தபோது அதிகாரி பக்கத்தில் நின்று, "நீ சொல்லு, என்ன பண்ணலாம்?" என்பார். சொல்வேன். உடனே அப்படியே செய்வார்கள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஒருநாள் விடியும் நேரத்தில் படகுக் கூட்டம் ஒன்றைத் தாண்டி நான் சொல்லச் சொல்லத்தான் போனோம். முடிந்ததும் அவர், "நீ பொறந்ததே இதுக்குத்தான்" என்றார். அதை நம்பித்தான் இத்தனை நாள் ஓடினேன். இப்போது நான் எதற்காகவும் பிறக்கவில்லை என்று தோன்றுகிறது.

வரிசை கேட்டாய். எழுதிவிட்டேன். போதுமா?

அக்கா

---

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "உப்பு போட்டாச்சு, இறக்கிட வேண்டியதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் வேறு நினைப்பில், "நிச்சயமாம்மா?" என்றேன்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "இல்ல... போடலை போலிருக்கு" என்று இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டாள். அவள் முதல் தடவை போட்டதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

சாப்பிட உட்கார்ந்த அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "மூத்தவ கடலுக்குப் போறேன்னா. நீ கடலையே கொண்டுவந்து தட்டுல வெச்சுட்டியா?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்பாவிடம், "சாயங்கால பஸ் டிப்போவுக்குத்தானே திரும்பும்? நிச்சயமாப்பா?" என்று கேட்டேன். "பின்னே நம்ம வீட்டுக்குள்ளயா திரும்பும்?" என்றார். அசையவே இல்லை. மறுநாள் பள்ளி நூலகரிடம் கேட்டுப் பார்த்தேன். "நிச்சயம்னாலே நிச்சயம்தான், போ" என்றார். பக்கத்து வீட்டு அத்தை, என் தோழி, பேருந்தில் ஒரு பெரியவர் என்று கேட்டுக்கொண்டே போனேன். யாரும் சொன்னதை மாற்றவில்லை. நம் வீட்டில் மட்டும்தான் மாற்றுகிறார்கள். அதுவும் நம் பாடத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டும். அப்பா அந்த நேரத்தில் பஸ்ஸில் இருப்பார்.

முதன்முதலில் நாம் பாடம் தொடங்கிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு பதிலைத் தவறாகச் சொன்னாய். நான் சந்தோஷமாக, "தப்பு!" என்று கத்தினேன். நீ புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டாய். அம்மா என்னிடம், "மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்லாதடி. கொஞ்சம் பக்குவமா சொல்லு" என்றாள். அன்றிலிருந்து நான் "தப்பு" என்று சொன்னதே இல்லை. நீ சரியாகச் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போவேன். தவறாகச் சொன்னால் மட்டும், "நிச்சயமாக்கா?" என்பேன். நீ உடனே மாற்றிச் சொல்வாய். எனக்கு அது நல்ல யுக்தியாகத் தெரிந்தது. நான் பக்குவமாகிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன்.

உன் தேர்வாளர் எல்லாவற்றுக்கும் "நிச்சயமா?" கேட்கிறவர், அக்கா. சரிக்கும் கேட்பார், தவறுக்கும் கேட்பார். உன் கடிதத்தில் நீ முதலில் சொன்ன மூன்று பதிலும் சரி. புத்தகத்தை வைத்துப் பார்த்துவிட்டேன்.

உன்னைத் தோற்கடித்தது சுவர் இல்லை. நான்.

ஜூலை 31

மேலே இருப்பதை எழுதிப் புவியியல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். தபாலில் போட தைரியம் வரவில்லை. படித்தால் உனக்கு என்மேல் வெறுப்பு வரும். சொல்லாவிட்டால் செப்டம்பரில் நீ மறுபடியும் பதிலை மாற்றுவாய், அல்லது போகவே மாட்டாய். இரண்டையும் எடை போட்டுப் பார்த்தேன். வெறுப்பே பரவாயில்லை என்று தோன்றியது. இன்று பள்ளிக்குப் போகும் வழியில் போட்டுவிடுகிறேன்.

வாத்தி (இனி இந்தப் பெயர் வேண்டாம் என்றால் சொல்லிவிடு)

---

ஆகஸ்ட் 5

●
●

---

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

பார்த்தேன். விலகியே இருக்கிறேன். இதற்குப் பதில் வேண்டாம்.

ஒன்றே ஒன்று. மூன்றாவது உருண்டை மட்டும் வரைந்து அனுப்பிவிடாதே. மூன்று என்றால் தரைதட்டிய கப்பல். இரண்டு என்றால் கட்டுப்பாடு மட்டும்தான் இல்லை, மிதந்துகொண்டுதான் இருக்கிறது.

---

ஆகஸ்ட் 14

என் வாத்திக்கு,

மிதந்துகொண்டுதான் இருக்கிறேன்.

கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். யார்மேல் என்று தெரியாத கோபம். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. சித்தி, "பல்லு வலியாடி? டாக்டர்கிட்ட போலாமா?" என்று கிராம்பை வேறு நீட்டினாள். நீ எழுதியதை நம்பக்கூடாது என்றே இருந்தேன். ஒரு சின்னக் கேள்வியா என் ஆயுளைத் தின்றது? இதைவிட எனக்கு மூளை இல்லை என்பதே கௌரவமாகப் பட்டது.

அப்புறம் நேற்று மேடம் பலகையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கப்பல் நாளைக்கா? நிச்சயமா?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போனார். நான் உடனே டஸ்டரை எடுத்து அழித்துவிட்டேன். அழித்த பிறகுதான் யோசித்தேன். நாளைக்குத்தான். காலையில் நானே பேசி உறுதி செய்துகொண்டது.

டஸ்டரும் கையுமாக அங்கேயே நின்று சிரித்தேன். மேடம் திரும்பி வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். "எனக்கு மூளை இருக்கு மேடம்" என்றேன். அவர் இன்னும் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

"தோற்கடித்தது நான்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அடித்துவிடு. பாடம் தொடங்கியபோது உனக்குப் பத்து வயது. ஒரு "தப்பு"வைத் தாங்காமல் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் போனது நான். ஒரு குழந்தையைப் பூனை நடை நடக்கவைத்ததும் நான்தான்.

இன்னொன்றும் யோசித்தேன். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. சுவர் என்னைச் சரியாகத்தான் தோற்கடித்திருக்கிறார். கப்பலில் கேப்டன் கேட்பார், பைலட் கேட்பார், எதிரே வருகிறவன் வயர்லெஸ்ஸில் கேட்பான். கேட்டவுடன் சுக்கானைத் திருப்பிவிடுகிறவள் கையில் யார் கப்பலைக் கொடுப்பார்கள்? எனக்குப் பாடம் தெரிகிறதா என்று அவர் முதல் பதிலிலேயே பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு, நான் நிற்பேனா என்றுதான் பார்த்தார். வலிக்கிறது. ஆனால் மருந்து இருக்கிற வலி.

செப்டம்பருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதனால் உனக்கு வேலை இருக்கிறது. கேள்விகளைக் கடிதத்தில் அனுப்பு. நான் பதில் எழுதுவேன். ஒவ்வொரு பதிலுக்கும், சரியோ தவறோ, "நிச்சயமா?" என்று கேட்டு எழுது. நான் திரும்ப எழுதிய பிறகு தீர்ப்பைச் சொல். தவறென்றால் தவறு என்றே எழுது. கடிதத்தில் உன் முகம் தெரியாது. போனில் பேசினால் நீ மூச்சு விடுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

பெயரை மாற்ற முடியாது. வாத்தி வாத்திதான்.

அக்கா

---

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

என் முதல் கேள்விகளுக்கு நீ எழுதியதும், நான் "நிச்சயமா?" கேட்டதற்கு நீ திரும்ப எழுதியதும் எல்லாம் வந்து சேர்ந்தன. தபால்காரர், "யாருக்கும்மா இவ்வளவு கடிதாசு, காதலா?" என்று கேட்டார். "கடல் விதி" என்றேன். பயந்துபோய்ச் சைக்கிளை மிதித்துவிட்டார்.

தீர்ப்பு எழுதுகிறேன்.

பனிமூட்டக் கேள்விக்கு, "நிச்சயம். நூறு தடவை கேட்டாலும் வேகத்தைத்தான் குறைப்பேன்" என்று எழுதியிருந்தாய். சரி. "நூறு தடவை" என்று தேர்வாளரிடம் சொல்லாதே, மரியாதையாக இருக்காது. மீன்பிடி விளக்குக் கேள்வியும் சரி.

முந்திச் செல்வது பற்றிய கேள்வி. "ஒரு கப்பலைப் பின்னாலிருந்து முந்துகிறாய். முந்தும்போது அதன் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டாய். இப்போது யார் ஒதுங்கவேண்டும்?" நீ, "அதுதான் ஒதுங்கவேண்டும், நான் அதன் வலப்பக்கத்தில் இருக்கிறேனே" என்று எழுதினாய். நான் "நிச்சயமா?" கேட்டேன். நீ, "நிச்சயம், நிச்சயம், நிச்சயம்" என்று எழுதிக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய்.

அக்கா, அது தப்பு.

முந்தத் தொடங்கியவள் முழுவதும் தாண்டிப் போகும்வரை அவளேதான் ஒதுங்கவேண்டும். நடுவில் எந்தப் பக்கம் வந்தாலும் சரி.

எழுதிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்றாள். "அக்காவுக்குத் தப்பு போட்டுட்டேம்மா" என்றேன். அம்மா கரண்டியோடு அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே அன்னிக்கு உன்னைச் சொல்லவேண்டாம்னேன்" என்றாள். என் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் போட்டுவிட்டாள். அது நன்றாகத்தான் இருந்தது, அவிழ்க்கவேண்டிய அவசியமே இல்லை.

வாத்தி

---

செப்டம்பர் 7

வாத்திக்கு,

"தப்பு" என்று எழுதியிருந்ததைப் படித்தேன். இரண்டாம் தடவையும் படித்தேன்.

அப்புறம் சாப்பிட்டேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். சித்தி சாட்சி.

அம்மாவிடம் சொல்.

அக்கா

---

செப்டம்பர் 18

என் வாத்திக்கு,

தேர்வு மையத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து இதை எழுதுகிறேன். இன்னும் யாருக்கும் போன் செய்யவில்லை. போனில் முடிவை மட்டும்தான் கேட்பீர்கள். உனக்கு வரிசை வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அதே அறை, அதே பச்சைத் துணி. கதவைத் திறந்தால் அதே சுவர். உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி, விளக்குகள். பதில் சொன்னேன். "நிச்சயமா?" என்றார். உதடு தானாகவே, "இல்ல" என்று குவிந்தது. அந்த நேரத்தில் உன் கையெழுத்து கண்ணில் தெரிந்தது. அந்த "நிச்சயமா"வைக் கொஞ்சம் சாய்த்து எழுதுவாயே, அது. சரியான பதில்களுக்குக் கீழேயும் எத்தனை தடவை பார்த்துவிட்டேன்! குவிந்த உதட்டை மூடிக்கொண்டு, "நிச்சயம், சார்" என்றேன். என் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவது மாதிரி கேட்டது.

அடுத்தது. "நிச்சயமா?" "நிச்சயம், சார்." இன்னொன்று. "நிச்சயம், சார்." மேசைமேல் பொம்மைகள் கூடிக்கொண்டே போயின. ஒரு கட்டத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டு, "உங்க கேப்டன் பின்னாடி நின்னுக்கிட்டு, 'என்னம்மா இது, நேரா போ'ங்கறார். இப்ப?" என்றார். இப்படி இதுவரை கேட்டதே இல்லை. "ஏன் ஒதுங்கறேன்னு அவருக்குச் சொல்வேன் சார். கேப்பார். அவர் பொறுப்பை எடுத்துக்கற வரைக்கும் சுக்கான் என் பொறுப்பு" என்றேன்.

நடுவில் ஒரு கேள்விக்குத் தவறாகவே சொல்லிவிட்டேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் எனக்கே தெரிந்துவிட்டது. "சார், நான் சொன்னது தப்பு. மாத்திச் சொல்றேன்" என்றேன். "தப்பு" என்று சொன்னபோது ஒன்றும் ஆகவில்லை. கூரை கூரையாகவே இருந்தது. மாற்றிச் சொன்னேன். அன்றைக்கு அவர், "நிச்சயமா?" கேட்காத பதில் அது ஒன்றுதான்.

கடைசியில் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். என் பக்கம் பார்க்காமலே, "தேறிட்டீங்க" என்றார்.

என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "நிச்சயமா சார்?"

நிமிர்ந்து பார்த்தார். சுவரில் விரிசல் விட்டதை நான் பார்த்தேனடி. பல் தெரியச் சிரித்தார். "மாத்திச் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம் சார்" என்று கத்திவிட்டேன். தாழ்வாரம் வரைக்கும் கேட்டதாம்.

இப்போது எழுந்து போய் இதைத் தபாலில் போடப்போகிறேன். அதற்குப் பிறகு அம்மாவுக்குப் போன். அதற்குப் பிறகு மேடத்திடம், பலகைக்கு வேறு ஒரு நல்ல கையெழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

இதைப் படித்து முடித்ததும் நீ ஒரு வார்த்தை கேட்பாய் என்று தெரியும். கேள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள்.

அக்கா

---

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நீ வெள்ளிக்கிழமை வருவதற்குள் இது உன்னிடம் வந்து சேருமா என்று தெரியவில்லை. சேராவிட்டால் வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம்.

அன்று நீ போன் செய்தபோது அம்மா கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போனை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் என்னிடம் கொடுத்தார். நானும் பேசவில்லை. நீ மறுமுனையில், "ஹலோ, ஹலோ, யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இருந்தோம். மூன்று பேரும் இருந்தோம்.

அப்பாவுக்குக் காலுறை விஷயத்தில் பொறுமை போய்விட்டது. "கட்டினவ வரட்டும்னு சொன்னேன், சரி. அவ இப்ப ஆபீசர். ஆபீசர் கையால காலுறை அவுக்கறதா?" என்று என்னை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. அம்மா ஊசியால் நெம்பிக் கொடுத்தாள்.

ஒரு ஜோடியை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நாளைக்குப் போட்டுக்கொண்டு போவார். இன்னொன்றைக் கொடுக்கவில்லை. சுருட்டியபடியே வாசல் பக்கத்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். தெருமுனையில் திரும்பும்போதே உனக்குத் தெரியும்.

பகலில், முன்பக்கத்தில், ஒரே ஒரு கறுப்பு உருண்டை. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கப்போவதில்லை. நீ சொல்லிவிடுவாய்.

நங்கூரம் போட்டுக் காத்திருக்கும்,
வாத்தி